செல்லாத பந்தயம், சென்ற பணம்

பண்ருட்டிப் பக்கத்தில் பலா மரத்தைக் காய்ப்பிலேயே விலை பேசி, உடையவருக்கு முன்பணம் கொடுத்து வைப்பது வியாபாரிகளிடையே உள்ள வழக்கம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ந் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அந்தப் பிரதேசத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அத்தகைய காலத்தில் முன்பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தாவா எழுமானால், அதைக் கேட்க முன்சீப் கோர்ட்டு உண்டு. நிறைவேற்ற முடியாமற் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்றும், அவ்வாறு செல்லாமற் போனால் பெற்றுக்கொண்ட அனுகூலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 56, 65-ஆவது பிரிவுகளில் விதித்திருக்கிறது. நியாயம் எந்தக் கக்ஷியில் இருக்கிறது என்பது விசாரணையில் தெரியும். விசாரணை என்று ஒன்று இருப்பதே இங்கு முக்கியம்.

அதே பண்ருட்டியிலோ, அடுத்துள்ள நெய்வேலியிலோ, ஒப்பந்தக் கூலி வேலை செய்யும் வாலிபர் ஒருவர் கைபேசியின் வழியாகக் கிரிக்கெட் ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் ரூபாயை முன்னதாகவே செலுத்திவிடுகிறார். அவர் சொன்ன கட்சி ஜெயிக்கிறது. இருபதாயிரம் வருமென்று காத்திருப்பவருக்கு மறுநாள் ஒரு வரி வருகிறது: பந்தயம் ரத்துச் செய்யப்பட்டது. காரணம் கேட்டால், விகிதம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது என்றோ, ஆட்டத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்திருக்கிறது என்றோ, விதிகளின் இன்ன பகுதியைப் பார்க்கவும் என்றோ பதில். கட்டிய பணமாவது வருமா என்று எடுக்கப் போனால், கணக்கே பூட்டப்பட்டிருக்கிறது. இவர் யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நமது நாட்டில் இன்று விடை இல்லை. பந்தயத்தை வெறுப்பவர்களும்கூட இதை அலட்சியம் செய்வதற்கில்லை என்பது நமது அபிப்பிராயம்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. பந்தய ஒப்பந்தம் செல்லாது; பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லப்படும் பணத்துக்கு வழக்குத் தொடர முடியாது; முடிவு தெரியும்வரை ஒருவர் வசம் ஒப்படைத்த பணத்துக்கும் முடியாது என்பது அதன் சாராம்சம். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கு அளிக்கும் 500 ரூபாயோ அதற்கு மேலோ பெறும் பரிசுக்காகப் பணம் சேர்ப்பது ஒன்றுக்கே விலக்கு உண்டு. ஆகவே புக்மேக்கர் ‘உமது பந்தயம் செல்லாது’ என்று சொன்னால், சட்டமும் அவரோடு சேர்ந்து ‘ஆம், செல்லாது’ என்கிறது. இருவரும் சொல்வது ஒன்றே. பணம் மட்டும் ஒருவரிடம் இருக்கிறது.

இந்த விதி வந்த வரலாற்றை நேயர்கள் அறிவது நலம். கல்கத்தாவில் கம்பெனி சர்க்கார் ஏலத்தில் விற்ற அபினியின் சராசரி விலை இவ்வளவாக இருக்கும் என்று பம்பாய் வியாபாரிகள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை போயிற்று. இங்கிலாந்தில் 1845-ஆம் ஆண்டிலேயே பந்தயப் பணத்துக்கு வழக்கில்லை என்று சட்டம் வந்துவிட்டபோதிலும், அது இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆகையால் இந்தப் பந்தயம் செல்லும் என்று 1848-இல் தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டே இந்தியாவில் 21-ஆவது நம்பர் சட்டம் பிறந்தது, பந்தயங்கள் செல்லாதவையாயின. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே தன்னுள் வாங்கிக்கொண்டது. சூதாடிகளின் கணக்கைத் தீர்த்து வைப்பது நியாயஸ்தலத்தின் வேலையல்ல என்பதே அன்றைய சட்டகர்த்தாக்களின் எண்ணம். எண்ணம் தவறன்று.

ஆனால் அந்த விதி ஒரு நிலைமையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. அந்தக் காலத்துப் பந்தயம் பெரும்பாலும் வாய்ச்சொல். ஆட்டம் முடியும்வரை இரு கக்ஷியாரின் பணமும் அவரவர் மடியில் இருந்தது. தோற்றவன் கொடுக்க மறுத்தால் ஜெயித்தவனுக்கு வழக்கில்லை; புக்மேக்கர் தோற்றாலும் அப்படியே, வாடிக்கைக்காரர் தோற்றாலும் அப்படியே. சட்டம் இருவருக்கும் சமமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோர்ட்டு விலகிய இடத்தில் நாணயம் காவல் காத்தது. இங்கிலாந்தில் டாட்டர்ஸால்ஸ் கமிட்டி என்ற சபை பந்தயத் தகராறுகளை விசாரித்துச் சொல்லும். பாக்கி வைத்தவனைக் குதிரைப் பந்தய மைதானங்களுக்குள்ளேயே நுழைய முடியாதபடி செய்ய அதனால் முடிந்தது. ஓட வேண்டிய குதிரை கடைசி நேரத்தில் விலகிக்கொண்டால், மற்றக் குதிரைகளின்மீது கட்டியவர்களின் லாபத்தில் எவ்வளவு கழிப்பது என்பதற்கு அங்கே ‘நான்காவது விதி’ என்ற அட்டவணை உண்டு. பந்தயம் கட்டுமுன்பே அது எல்லோருக்கும் தெரியும்.

கைபேசிப் பந்தயத்தில் இந்தச் சமநிலை அடியோடு மாறிவிட்டது. வாடிக்கைக்காரர் பணத்தை முன்னதாகக் கட்டினாலொழிய ஆட்டமே இல்லை. புக்மேக்கர் தம் பங்குக்கு ஒரு காசும் எங்கும் வைப்பதில்லை. வாடிக்கைக்காரர் தோற்றால், வசூல் ஏற்கெனவே ஆகிவிட்டது. புக்மேக்கருக்குக் கோர்ட்டு எதற்கு? ஜெயித்தால்தான் கோர்ட்டு வேண்டியிருக்கிறது. அது அவருக்கு மூடப்பட்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த தடை இப்போது ஒருவரை மட்டும் தடுக்கும் தடையாகிவிட்டது. சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதுதான் விசித்திரம்.

ரத்துச் செய்வதற்கு நியாயமான சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மழையால் ஆட்டம் நின்றுபோகலாம். பெயர் கொடுத்த ஆட்டக்காரர் களத்தில் இறங்காமலே போகலாம். ஒன்றரை என்று எழுத வேண்டிய இடத்தில் பதினைந்து என்று குமாஸ்தா எழுதிவிடலாம். ஆட்டமே விலைக்கு வாங்கப்பட்டது என்று பின்னால் வெளிப்படுவதும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் கட்சித் தலைவர் ஹான்ஸி குரோன்யே சிக்கியதையும், 2013-ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஊழலைத் தொடர்ந்து 2015-இல் சென்னைக் கட்சி இரண்டு வருஷம் விலக்கி வைக்கப்பட்டதையும் தமிழ் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் காரணங்கள் எப்பொழுது கண்டுபிடிக்கப்படுகின்றன? முடிவு தெரிந்த பிறகு. தவறான விகிதத்தில் கட்டியவர் தோற்றிருந்தால், அந்தத் தவற்றை யாரும் தேடியிருக்கப் போவதில்லை. பணம் புக்மேக்கரின் பெட்டியில் சத்தமின்றித் தங்கியிருக்கும். ஜெயித்த பந்தயத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கு, ஜெயித்த பந்தயங்களில்தான் பிழை தென்படும்.

நமக்கு இது புது வியாஜ்யமன்று. அஸ்தினாபுரத்துச் சபையில் திரௌபதி கேட்டது இதே கேள்விதான். தருமன் முதலில் தன்னைத் தோற்றுவிட்டான்; தன்னையே இழந்தவன் என்னைப் பணயம் வைத்தது செல்லுமா என்று அவள் கேட்டாள். தருமம் நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் விடை கூறாமல் நழுவினார். செல்லாது என்று துணிந்து சொன்னவன் கௌரவர்களில் இளையவனான விகர்ணன் ஒருவன். ஜெயித்தவன் வீட்டு மண்டபத்தில், ஜெயித்தவன் சோறு உண்பவர்கள் நடுவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய செயலிகளில் ‘குறை கேட்கும் பிரிவு’ என்று ஒன்று இருக்கிறதே, அதன் ஆதி வடிவம் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கடைசியில் திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் என்ற பெயரால் அனைத்தையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் சூதாட்ட மண்டபத்தை மூடவில்லை. பாண்டவர்கள் வழியிலேயே திரும்ப அழைக்கப்பட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் பதின்மூன்று வருஷம் போயிற்று.

இங்கிலாந்து தேசத்தார் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். 1998-இல் பந்தயத் தகராறுகளுக்காகத் தனி மத்தியஸ்த ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. பிறகு 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் மூலம், 2007 செப்டம்பர் முதல் பந்தய ஒப்பந்தத்தையும் மற்ற ஒப்பந்தங்களைப்போலக் கோர்ட்டு மூலம் நிறைவேற்றலாம் என்று செய்துவிட்டார்கள். அதன் பலனை 2021 ஏப்ரலில் லண்டன் ஹைக்கோர்ட்டு காட்டியது. பெட்பிரெட் என்ற கம்பெனியின் செயலியில் ஒருவர் 17 லட்சம் பவுன் ஜெயித்தார். யந்திரக் கோளாறு என்று கம்பெனி பணம் தர மறுத்தது. நீண்ட விதிகளின் நடுவில் அதற்கு இடமும் வைத்திருந்தது. ஆடுபவரின் கண்ணில் படும்படி எடுத்துக் காட்டாத நிபந்தனையைக் கொண்டு அவர் பணத்தை மறுக்க முடியாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. அது விளையாட்டுப் பந்தயமன்று, சீட்டாட்டம். என்றாலும் வாதம் இதே வாதம்தான்.

ஆகவே நாமும் பந்தயத்துக்கு லைசென்ஸ் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 2016-இல் நீதிபதி லோதா கமிட்டி கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்று சிபார்சு செய்தது. 2018-இல் சட்டக் கமிஷன் தனது 276-ஆவது அறிக்கையில், முற்றிலும் தடுக்க இயலாதெனில் கட்டுப்படுத்துவதே வழி என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டது. இவர்களது நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்றால் இரு பக்கமும் செல்லும் என்பதை இவர்களைப் பின்பற்றிப் பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடனுக்குப் பந்தயம் கட்ட இடங்கொடுத்துவிட்டு, தோற்றவர்மீது புக்மேக்கர் வழக்குத் தொடரலாம், டிக்ரி பெறலாம். முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் வாசலில், மகன் தோற்ற கிரிக்கெட் பந்தயத்துக்காக அமீனா வந்து நிற்பதற்கா நாம் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்துவது? ஜெயித்தவர்கள் சிலருக்கு நியாயம் கிடைக்கத் தோற்றவர்கள் அனைவரையும் கடன்காரர்களாக்கும் ஏற்பாடு நமக்குச் சம்மதமில்லை.

நமது சர்க்கார்கள் பிடித்திருப்பது தடையின் வழி. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் சாவடிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. கைபேசி அதற்கு எட்டவில்லை. 2021-இல் செய்த திருத்தத்தைச் சென்னை ஹைக்கோர்ட்டு அவ்வாண்டு ஆகஸ்டிலேயே தள்ளிவிட்டது. பிறகு 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், கவர்னர் திருப்பியனுப்பி, சட்டசபை மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சம்மதம் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் ஹைக்கோர்ட்டு ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து நீக்கியது. பந்தயத்தின்மீதுள்ள தடை நிலைத்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நாடு முழுவதற்கும் பண ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. ஆட்டம் நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பந்தயமும் சூதும் ராஜ்யங்களுக்குரிய விஷயமல்லவா என்ற வாதத்தோடு வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டை அடைந்திருக்கின்றன. அந்த விவாதத்தில் இங்கு நாம் புகவில்லை.

தடையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் தடை செய்தவர்கள் பணம் எங்கே என்று கேட்க மறந்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி பந்தயம் கட்டினவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்திய சட்டமோ ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. அவரை வஞ்சிக்கப்பட்டவராகவே பாவிக்கிறது. ஒரே வாலிபர் டில்லிக்கு வஞ்சிக்கப்பட்டவர், சென்னைக்குக் குற்றவாளி! பண்ருட்டிப் போலீஸ் ஸ்டேஷன் படியேறி ‘என் ஐயாயிரத்தை அபகரித்துக்கொண்டான்’ என்று அவர் சொல்லும் முதல் வாக்கியமே தம்மீது தாம் கொடுத்துக்கொள்ளும் வாக்குமூலமாகிவிடுகிறது. இணைய மோசடிப் பிராதுகளுக்கு மத்திய சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் டெலிபோன் எண் 1930. சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் அதுவே. யதேச்சையாக நேர்ந்ததுதான், ஆயினும் அந்த எண்ணை அழுத்தும் பந்தயக்காரரின் விரல் சற்று நடுங்கினால் ஆச்சரியமில்லை.

இந்த நடுக்கமே புக்மேக்கரின் மூலதனம். அவர் பெரும்பாலும் இந்த நாட்டிலேயே இல்லை. வெனிசூலாவுக்கு எதிரே கடலில் கிடக்கும் குராசோ தீவில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு உலகமெங்கும் பந்தயம் நடத்தும் கம்பெனிகள் அநேகம். அந்தத் தீவே 2024 டிசம்பரில் புதுச் சட்டம் கொண்டுவந்து தன் வீட்டை ஒழுங்கு செய்ய முற்பட்டிருக்கிறது. நெய்வேலிக் கூலிக்காரர் அங்கே மனுப் போட்டு நியாயம் பெறுவார் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் அவர் கட்டிய பணம் உடனே குராசோவுக்குப் பறந்துவிடுவதில்லை. முதலில் அது இந்த நாட்டு பாங்கி ஒன்றில், வாடகைக்குக் கொடுக்கப்பட்ட யாரோ ஒருவர் கணக்கில் விழுகிறது. கைக்கு எட்டும் இடம் அதுதான்.

இந்தியாவில் பகிரங்கமாக நடந்த கம்பெனிகளின் விஷயத்தில் வேறு காட்சியைக் கண்டோம். 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்தவுடன் பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. வாடிக்கைக்காரர்கள் தங்கள் கணக்கிலுள்ள தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. ஆட்டத்தை நிறுத்துவதும் பணத்தைத் திருப்புவதும் ஏககாலத்தில் சாத்தியமே என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. மறைந்திருப்பவர்களிடம்தான் இது கூடவில்லை.

இதற்கு வழி என்ன? பழைய இங்கிலீஷ் சட்டம் ஒன்று நமக்கு நினைவு வருகிறது. ஆன் ராணி காலத்தில், 1710-இல் இயற்றியது. ஒரே சமயத்தில் 10 பவுனோ அதற்கு மேலோ சூதில் தோற்றுக் கொடுத்தவர் மூன்று மாதத்துக்குள் அதைத் திருப்பக் கேட்டு வழக்குத் தொடரலாம். அவர் தொடராவிட்டால், வேறு எவரும் தொடர்ந்து மும்மடங்கு வசூலிக்கலாம். ஜெயித்தவருக்கு உதவுவதல்ல இதன் நோக்கம். சூது நடத்துபவரின் பெட்டியில் பணம் தங்கவிடாமல் செய்வது. அமெரிக்காவிலுள்ள கென்டக்கி ராஜ்யம் தன்னிடமுள்ள இதே மாதிரியான சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, இணையத்தில் போக்கர் நடத்திய கம்பெனிமீது தானே வழக்குத் தொடர்ந்தது. ஜனங்கள் தோற்ற தொகையை மும்மடங்காக்கி 87 கோடி டாலர் என்று தீர்ப்பாயிற்று. 2020 டிசம்பரில் அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. அடுத்த ஆண்டு 30 கோடி டாலரில் ராஜி ஏற்பட்டது. கடல் கடந்த கம்பெனியை எட்ட முடியாது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டிலும் கருவி இல்லாமல் இல்லை. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சங்கிதையின் 107-ஆவது பிரிவின்படி, குற்றத்தால் வந்த சொத்தைக் கோர்ட்டு ஜப்தி செய்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு விகிதப்படி பகிர்ந்து கொடுக்குமாறு ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு உத்தரவிடலாம். வாடகைக் கணக்கில் முடக்கப்பட்ட பணத்துக்கு இது பொருந்த வேண்டும். பந்தயம் கட்டினவர் ‘பாதிக்கப்பட்டவரா’ என்ற கேள்வியில்தான் முடிச்சு விழுகிறது. அதை அவிழ்ப்பது தமிழ்நாட்டுச் சட்டசபையின் கையில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பந்தயப் பணத்தைப் பற்றிப் பிராது கொடுப்பவர்மீது அந்தப் பந்தயத்துக்காக வழக்கில்லை என்றும், ரத்துச் செய்யப்பட்டதோ தோற்றதோ, கட்டிய அசல் திரும்பப் பெறத்தக்கது என்றும் சேர்த்தால் போதும். ஜெயித்த இருபதாயிரத்தை வாங்கித் தரும்படி நாம் கேட்கவில்லை. அது கானல் நீர். கட்டிய ஐயாயிரம் அவருடையது.

தோற்றாலும் பணம் திரும்பும் என்றால் ஜனங்கள் துணிந்து ஆடமாட்டார்களா என்று கேட்கலாம். ஆடத் துணிவார்கள், ஆட்டுவிக்க ஆள் வேண்டுமே. வாங்கிய பணம் ஒவ்வொன்றும் எந்த நிமிஷத்திலும் திருப்பிக் கேட்கப்படும் என்றால், அந்தத் தொழிலில் முதல் போட யார் வருவார்கள்? வாடிக்கைக்காரரைச் சிறைக்கு அனுப்புவதைவிட அவரைச் சாட்சியாக்குவது புக்மேக்கருக்கு அதிகக் கசப்பான மருந்து. தவிர, தோற்றவர் மௌனமாக இருப்பதில்தான் கந்துவட்டிக்காரனும் பிழைக்கிறான். ஐயாயிரத்தை மீட்க வழியில்லாதவர் மற்றொரு ஐயாயிரம் கடன் வாங்கி ஆட்டத்தில் விடுகிறார். தமிழ்நாட்டில் நேர்ந்த தற்கொலைகளே 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணமாகக் கூறப்பட்டன. அந்தச் சட்டம் அவர்களைப் போன்றவர்கள் வாய் திறக்க அஞ்சும்படி அமைந்திருப்பது அதன் நோக்கத்துக்கே விரோதம்.

சட்டசபை கூடும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குச் சில மணி நேரத்தில் தாவிவிடுகிறது. கடலூர் ஜில்லாவிலும் மற்ற ஜில்லாக்களிலும் ஸ்டேஷனுக்கு வரும் இத்தகைய பிராதை, ‘நீ ஏன் ஆடினாய்’ என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, பணம் போன கணக்கின் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு பாங்கிக்குத் தெரிவிக்கும்படி போலீஸ் தலைமை அதிகாரி ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு எந்த மசோதாவும் தேவையில்லை.